கடல் கம்பத்துக்கு வராது: காலநிலைச் சிதைவுக்குப் பிந்தைய இளையோர் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி மாவட்டத்தில், கேரள எல்லையோரம் இருக்கிற கம்பம் எங்கள் ஊர். அங்கே எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிப்பவர்கள். எழுதிய கதையைக் கொண்டுவந்து வாசிப்பார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுத் தங்களுக்குப் பட்டதைச் சொல்வார்கள். சில வருடங்களாக அதிகமாக வருவது ஒரே வகைக் கதைதான். பூமி சூடேறிவிட்டது. மழை ஒன்று பொய்க்கிறது, அல்லது கொட்டித் தீர்க்கிறது. அரசாங்கம் என்று ஒன்றும் மிச்சமில்லை. பதினாறு வயதுப் பெண்ணோ பையனோ ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

இந்தக் கதைகளை நான் மிகவும் மதிக்கிறேன். 2018 ஆகஸ்டில் இவர்கள் சின்னப் பிள்ளைகள். மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியில், 26 வருடத்துக்குப் பிறகு செறுதோணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டதை டிவியில் பார்த்தவர்கள். அந்த நேரத்தில் அம்மாவோ சித்தியோ அங்கே ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்த வீடுகளும் உண்டு. ஆக, இவர்கள் பயப்படுவதற்கு நிஜமான காரணம் இருக்கிறது. அந்தப் பயம் தாளில் இறங்கும்போது மட்டும் எப்படியோ வேறு ஊர்க்காரர்களுடைய பயமாக மாறிவிடுகிறது. திரும்பத் திரும்ப நான் பார்க்கிற தவறுகளை, எல்லையோர ஊர்களில் இருந்து இப்படிக் கதை எழுத நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடலை மலைக்குக் கொண்டுவருவது

"கி.பி. 2090. கடல் மூணாறைத் தொட்டுவிட்டது." இப்படித் தொடங்கும் கதைகள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பமே கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கு மேலேதான். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கை, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடல் சுமார் 0.3 மீட்டரில் இருந்து 1 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. அதற்கு மேல் போகிற வாய்ப்பையும் அது அறவே ஒதுக்கவில்லை. ஆனாலும், உலகத்துப் பனி மொத்தமும் உருகினால்கூட ஏறுவது 65, 70 மீட்டர்தான். அதற்கும் ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும்.

கணக்குத் தப்பு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடலை மேலே ஏற்றிவிட்டால் உண்மையான கதை கையை விட்டுப் போய்விடுகிறது. ஒரு மீட்டர் ஏறினால் யார் வீடு போகும் என்று யோசியுங்கள். ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டில் இன்றைக்கே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற வயல்களில்தான் நெல் விளைகிறது. பண்டு என்கிற மண்கரை கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அப்புறம் விதைக்கிறார்கள். அந்தப் பண்டு நிரந்தரமாக உடைந்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? கிழக்கே, மேட்டுக்கு. கோட்டயம் தாண்டி, பீருமேடு ஏறி, குமுளிக்கு. இந்தப் பக்கம் தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையில் இருப்பவர்கள் மேற்கே நகருவார்கள். கடல் கம்பத்துக்கு வராது, கடற்கரைக்காரர்கள் வருவார்கள். வலை பின்னத் தெரிந்த ஒரு குடும்பம் திராட்சைப் பந்தலுக்கடியில் வந்து உட்கார்ந்திருக்கிற காட்சியை யாராவது எழுதமாட்டார்களா என்று நான் காத்திருக்கிறேன்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிப்பது

'அந்த நாள்', 'பேரழிவு நாள்' என்று பெரிய எழுத்தில் ஒரு தேதி. அதற்கு முன்னால் சொர்க்கம், பின்னால் பாலைவனம். காலநிலை இப்படி வேலை செய்வதில்லை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கிவைக்கிற நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அதனால் மழை பெய்யாத நாட்கள் நீளும். பெய்கிறபோது மொத்தமாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒரே கதையில், ஒரே வருடத்தில், ஒரே குடும்பத்துக்கு நேரலாம். வறட்சி நாவலா வெள்ள நாவலா என்று பிரித்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

நம் மலைக்கு இரண்டு முகம் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஜூன், ஜூலையில் குமுளியில் குடை இல்லாமல் நடக்க முடியாது. மலை இறங்கினால் நம் தேனி மாவட்டக் கூடலூரில் சாரலும் காற்றும்தான். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். எதிர்காலத்தில் இந்த இரண்டு பருவமும் எப்படி மாறின என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். கதையில் அது ஒரு வரிகூட வராமல் போகலாம், பரவாயில்லை. எந்த மாதத்தில் யார் வயிறு காயும் என்பதை அந்தத் தாள் உங்களுக்குச் சொல்லிவிடும். ஏலச்செடி நிழலும் ஈரமும் கேட்கிற செடி. 2024 கோடையில் இடுக்கியில் ஏலத்தோட்டங்கள் காய்ந்தன. புதிதாக நட்டால் காய் பார்க்க மூன்று வருடம் ஆகும். ஒரு கோடைக்கு மூன்று வருடக் கூலி போகிறது. உலகம் முடிவது பெரும்பாலும் இப்படித்தான், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் அடுத்த வாரம் வராது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவதில்.

நிஜமான சாவுகளைக் காட்சிக்காக எடுத்துக்கொள்கிற தவறையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து, தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். நம் வாசகர்களில் அவர்களுடைய உறவுகளும் இருப்பார்கள். எழுதக்கூடாது என்று சொல்லமாட்டேன், எழுதத்தான் வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஒரு லயத்தை மண்ணில் புதைத்து வாசகரைத் திடுக்கிட வைத்துவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் சாகசத்துக்குப் போய்விடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. செத்தவர்களுக்குப் பெயர் கொடுங்கள். காடாத்து எப்படி நடந்தது, நடக்க முடியாமல் போனதா, எந்த வீட்டில் யார் விளக்கு வைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

அணையை உடைப்பது

எங்கள் மாடியில் முல்லைப்பெரியாறு அணை எத்தனை தடவை உடைந்திருக்கிறது என்று எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. கதை எங்கே போவதென்று தெரியாதபோது கை தானாக அணைக்குப் போகிறது.

அணை உடைவது ஒரு மணி நேரக் காட்சி. அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இருக்காது. அணை உடையாமல் நிற்பதில் ஒரு நாவலே இருக்கிறது. சில விவரங்களைப் பாருங்கள். ஆங்கிலேய அரசு திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 1886 அக்டோபர் 29-ல் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது, 999 வருடத்துக்கு. 1887-ல் வேலை தொடங்கி 1895-ல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் சேர்த்துக் கட்டியது. அந்த ஒப்பந்தம் தீருகிற வருடம் 2885! உங்கள் கதை 2120-ல் நடந்தால் இன்னும் 765 வருடம் பாக்கி. கையெழுத்துப் போட்ட இரண்டு அரசுமே இன்று இல்லை. அந்த அரசுகளின் வாரிசுகளும் இல்லாத ஒரு காலத்தில் ஒரு கிழவர் அந்தக் காகிதத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு 'எங்களுக்கு உரிமை இருக்கிறது' என்று மலை ஏறிப் போகிறார். எந்த ஊர் டிஸ்டோபியாவுக்கு, அதாவது சீரழிந்த எதிர்காலக் கதைக்கு, இப்படி ஒரு பொருள் கிடைக்கும்?

இன்னொன்று. தேக்கடியில் இருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர், ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தைத் தாண்டி நம் ஆற்றுக்கு வருகிறது. அணையில் மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. மேலே ஏரியில் தண்ணீர் பளபளவென்று கிடக்கும், கீழே கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்லுக்கு ஒரு சொட்டு வராது. வழக்கமாக ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் திறக்கிறார்கள். திறக்க ஆள் இல்லாத ஒரு ஜூன் மாதத்தை எழுதுங்கள். ஷட்டரை எப்படித் தூக்குவது என்று தெரிந்த கடைசி ஆள் யார்? அவர் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்? ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கா? சுரங்கத்துக்குள் மண்ணும் மரமும் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குவது யார்? சாகசம் வேண்டும் என்று கேட்கிறீர்கள், அந்தச் சுரங்கத்தைவிட என்ன வேண்டும்?

அணையை ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் பார்ப்பது இதைவிடப் பெரிய தவறு. நம் பிள்ளைகள் எழுதினால் தண்ணீரை மறிக்கிற கெட்டவர்கள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதினால் அவர்கள் தலைக்கு மேல் தண்ணீரைத் தூக்கி வைத்திருக்கிற கெட்டவர்கள் நாமாகத்தான் இருப்போம். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னது. நமக்கு அது மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அணைக்குக் கீழே வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாறிலும் இருப்பவர்கள் அடைமழை இரவில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. வண்டிப்பெரியாறில் யார் இருக்கிறார்கள்? நம்மிடமிருந்து தேயிலைக்குப் போனவர்களும்தானே. ஒரு பையன் அணையை உடைத்து 'எதிரி ஊரை' அழித்த கதையை வாசித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "எங்க அத்தை வண்டிப்பெரியாறுலதான் இருக்காங்க. அவங்களும் செத்துட்டாங்களா?" அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான்.

அணையை எப்போதும் முடிவாகவே பார்க்கிறோம். அது எதிலிருந்து தொடங்கியது என்று பார்த்தால் உங்கள் கதையே மாறிவிடும். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். பருவமழை தொடர்ந்து பொய்த்து, மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். மேற்கே போகும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை அதற்கு முன்பே இருந்தது, அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் அது தீவிரமாகி, பென்னி குயிக் கையில் அணையாக எழுந்தது. கட்டுமானத்தில் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் பலர் போனார்கள். அப்படியென்றால் நாம் இருக்கிற பள்ளத்தாக்கே ஒரு காலநிலைச் சிதைவுக்குப் பிறகு எழுந்த உலகம். இங்கே உட்கார்ந்து 'சிதைவுக்குப் பின்' எழுதுகிறவர்கள் எதையும் வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டாம். என் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றுதான். மற்ற தவறுகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

முதல் பக்கத்திலேயே பெற்றோரைக் கொல்வது

ஏன் கொல்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. பதினாறு வயதுப் பெண் தனியாகக் காட்டுக்குப் போகவேண்டும் என்றால் வீட்டில் விடமாட்டார்கள், அதனால் வீட்டையே இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். வசதியான வழிதான். நம் ஊரில் இதைவிட வலுவான வழி இருக்கிறது.

இங்கே எத்தனையோ வீடுகளில் அம்மா விடியுமுன் எழுந்து, சோற்றைத் தூக்குவாளியில் போட்டு, ஜீப்பில் ஏறி கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ காய் எடுக்கப் போகிறார். இருட்டுகிற நேரத்தில் திரும்புகிறார். பிள்ளையை வளர்ப்பது அம்மாச்சி. இந்த வீட்டில் ஒருநாள் ஜீப் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா சாகவில்லை, செக்போஸ்ட் மூடிவிட்டது, அவ்வளவுதான். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை சூடானபோது குமுளி எல்லை மூடப்பட்டது. தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பலர் காட்டுப்பாதையில் நடந்து இறங்கி வந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் திரும்பவும் எல்லை மூடியது. இரண்டுமே நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிற விஷயங்கள். அம்மா மலைக்கு மேலே உயிரோடு இருக்கிறார், ராத்திரி அங்கே எரிகிற வெளிச்சம் கீழே இருந்து தெரிகிறது, ஆனால் போக முடியாது. செத்துப்போன அம்மாவுக்காகக் கிளம்புகிற பெண்ணைவிட இந்தப் பெண்ணோடு நான் நூறு பக்கம் கூட நடப்பேன்.

'தேர்ந்தெடுக்கப்பட்டவள்' என்று யாரையும் ஆக்கவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெற்றியில் மச்சம், ரத்தத்தில் மருந்து, இதெல்லாம் வேண்டாம். அவளுக்கு ஒரு வேலை நன்றாகத் தெரிந்தால் போதும்.

எல்லாரும் ஒரே தமிழ் பேசுவது

'செக்டார் ஏழு', 'உயர் கவுன்சில்', 'தூய்மைப் படை'. இந்தப் பெயர்களைப் பார்த்தாலே வேறெங்கோ படித்தது என்று தெரிந்துவிடும். நம் மக்கள் ஒரு முகாமுக்கு என்ன பேர் வைப்பார்கள்? 'பழைய ஸ்டோர்', 'மேட்டு லயம்', 'பன்னிரண்டாம் கட்டை'. பயமான இடத்துக்குச் சாதாரணப் பேர் இருந்தால்தான் பயம் கூடும்.

பேச்சும் அப்படித்தான். குமுளிக் கடைத்தெருவில் ஒரே ஆள் ஒரே வாக்கியத்தில் தமிழையும் மலையாளத்தையும் பேசுவார். சேச்சி, சேட்டா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் பேரம் நடக்கும். நூறு வருடம் கழித்து, டிவியும் பள்ளிக்கூடமும் இல்லாதபோது, இந்த இரண்டு மொழியும் மலையோரத்தில் என்ன ஆகியிருக்கும்? ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பார்ப்போம். நமக்கு வெள்ளம் என்றால் பெருக்கெடுத்து வருவது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். காட்டுக்குள் ஒரு குழந்தை "வெள்ளம், வெள்ளம்" என்று கத்துகிறது. தமிழ்ப் பையன் பயந்து மேட்டுக்கு ஓடுகிறான். அந்தக் குழந்தை தாகத்தில் கிடக்கிறது. இதை நான் சொன்னதும் ஒரு பெண் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

உப்பை மறப்பது

முப்பது வருடம் கழித்தும் ஓடுகிற பைக் நிறையக் கதைகளில் வருகிறது. பெட்ரோலைச் சேமித்து வைத்தால் ஒரு வருடத்துக்குள்ளேயே கெடத் தொடங்கிவிடும். சோலார் பலகை 25 வருடம்கூடத் தாங்கும், அதோடு இருக்கிற பேட்டரி அதற்கு வெகு முன்பே போய்விடும். ஆகவே பகலில் வெளிச்சம் தேவையில்லாத நேரத்தில் மட்டும் மின்சாரம் இருக்கிற ஊர் என்று எழுதலாம். நல்ல விவரம் அது.

துப்பாக்கியையும் வாகனத்தையும் யோசிக்கிற பிள்ளைகள் உப்பை யோசிப்பதே இல்லை. தூத்துக்குடி உப்பளங்கள் கடலோடு கடலாகக் கிடப்பவை. கடல் ஏறினால் முதலில் போவது அவை. மலையில் உப்பு கிடையாது. காட்டுக்குள் மழைக்காலத்தில் காலில் ஏறுகிற அட்டையைக் கழற்றவும் உப்புத்தான், இல்லாவிட்டால் சுண்ணாம்பும் புகையிலையும். தோட்டத்துக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அயோடின் சேர்த்த உப்பு நின்றுபோனால் சில வருடங்களில் மலை ஊர்களில் கழுத்துக் கழலை திரும்ப வரும். உப்பு வரும் பாதையை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர்தான் உங்கள் கதையின் வில்லன். கறுப்புச் சீருடை போட்ட படை எதற்கு? நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு, அன்பாகப் பேசி, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்மா" என்று கடன் கொடுக்கிற ஒருவர் போதும்.

சாப்பாட்டு விஷயத்தில் பழைய வரலாறு உதவும். 1942-ல் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் மக்களைத் தாங்கியது மரவள்ளி. பன்னீர்த் திராட்சையும் ஏலக்காயும் நமக்குப் பெருமைதான், பசிக்கு அவை ஆகாது. தோட்டத்தைப் பிடுங்கிவிட்டுக் கப்பை என்கிற அந்த மரவள்ளியை நடுவதா வேண்டாமா என்று ஒரு ஊர்க்கூட்டம் நடந்தால் அங்கேயே சண்டையும் துரோகமும் எல்லாம் வந்துவிடும்.

மிருகங்களைப் பூதமாக்குவது

கதிர்வீச்சில் வளர்ந்த ராட்சதப் புலி வேண்டாம். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களில் நடந்தது நினைவிருக்கும். சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் விட்டார்கள், அது எல்லையெல்லாம் பார்க்காமல் இறங்கி வந்தது. அரிசி தேடிப் பழகிய ஒரு யானை. காடு காயும்போது மிருகங்கள் எங்கே போகும், எதைத் தின்னும் என்று கேட்டால் போதும். சூடு கூடக்கூட கொசு மலையில் இன்னும் மேலே ஏறும். ஒரு டெங்குக் காய்ச்சல் உங்கள் கூட்டத்தை எந்தப் புலியையும்விடச் சுலபமாக நிறுத்திவிடும்.

விஞ்ஞானித் தாத்தாவின் சொற்பொழிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னோர்கள் செய்த பாவம் என்று எட்டுப் பக்கம் பேசுவார், அப்புறம் ஒரு விதையைக் கொடுத்துவிட்டு உயிரை விடுவார். அந்த எட்டுப் பக்கத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கும். எடுத்துவிடுங்கள்.

வருடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது

கி.பி. 3000, 2500 என்று போட்டுவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போனால் இன்றைய எதையும் நினைவு வைத்திருக்கிற ஆள் கதையில் இருக்கமுடியாது. 2090 என்று வைத்துப் பாருங்கள். இன்று பதினைந்து வயதில் எங்கள் மாடியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அப்போது எண்பது. கதையில் வருகிற அம்மாச்சி அவள்தான். அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? செறுதோணி மதகு திறந்ததை டிவியில் பார்த்தது, கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியது, தெருவில் யானை வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தது, அம்மா வருகிற ஜீப்பின் ஹாரன் சத்தம். பேத்தி மலை ஏறக் கிளம்பும்போது இந்த அம்மாச்சி மடியில் எதை முடிந்து கொடுப்பாள் என்று போன வாரம் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "உப்பு, சார்" என்றாள். அப்புறம், "செக்போஸ்ட்டுல யாரைப் போய்ப் பார்க்கணும்னு ஒரு பேரும் சொல்லி அனுப்புவா. அந்தாளு உசுரோட இருக்காரான்னு அவளுக்கே தெரியாது."

அந்த அத்தியாயத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.